இலவசக் கருவிப்பட்டை ஒப்பந்தத்தில் கையெழுத்திடலாமா?

கேள்வி: நானும் மூன்று நண்பர்களும் ஒன்பது ஆண்டுகளாக ஓர் அறிவியல் இணைய இதழை நடத்தி வருகிறோம். எங்கள் இதழின் பெயரும் சின்னமும் தாங்கிய உலாவிக் கருவிப்பட்டை (உலாவியின் மேற்பகுதியில் தேடல் பெட்டியோடும் பொத்தான்களோடும் அமரும் பட்டை) ஒன்றையும் கைப்பேசிச் செயலி ஒன்றையும் கட்டணமின்றி உருவாக்கித் தருவதாக ஒரு தொழில்நுட்ப நிறுவனம் எங்களை அணுகியிருக்கிறது. வருமானத்தில் பங்கும் தருவார்களாம். மூன்றாண்டு ஒப்பந்தத்தின் வரைவை இத்துடன் இணைத்துள்ளேன். கருவிப்பட்டையின் சோதனைப் பதிப்பை எங்கள் வாசகர்கள் நாற்பது பேர் ஏற்கெனவே நிறுவிவிட்டார்கள்; அவர்களில் இருவர், தங்கள் உலாவியின் தேடுபொறி தானாக மாறிவிட்டதாக எழுதியிருக்கிறார்கள். எங்கள் வாசகர்களில் பெரும்பாலோர் கைப்பேசியில் படிப்பவர்கள்; ஆறாயிரம் பேரின் மின்னஞ்சல் பட்டியல் ஒன்றும் சும்மா இருக்கிறது. எங்களிடம் நிரலாளர் யாரும் இல்லை. கையெழுத்திடலாமா?

பதில்: வணக்கம். நீங்கள் அனுப்பிய வரைவை இரண்டு முறை வரிவரியாகப் படித்துவிட்டு, சோதனைப் பதிப்பையும் தனியாக வைத்திருக்கும் ஒரு கணினியில் நிறுவிப் பார்த்துவிட்டே இதை எழுதுகிறேன். இப்போதுள்ள வடிவில் இந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டாம். கருவிப்பட்டையை முற்றிலும் கைவிட்டுவிடுங்கள். செயலியைப் பற்றி அந்த நிறுவனத்துடன் மேலும் பேசுவதில் தவறில்லை. ஆனால் அது யார் பெயரில் உள்ள கணக்கிலிருந்து வெளியாகப் போகிறது என்பது முதலில் முடிவாக வேண்டும். இதழ் நடத்துவோருக்காகப் பல ஆண்டுகளாக உலாவி நீட்சிகளையும் (உலாவியோடு சேர்த்துக்கொள்ளும் சிறு மென்பொருள்கள்) செயலிகளையும் எழுதி வருகிறேன். என் தொழிலைச் சேர்ந்தவர்கள் கொண்டுவரும் ஒரு திட்டத்தை வேண்டாம் என்று சொல்லும்போது, அதற்கான காரணங்களை முழுமையாகச் சொல்ல வேண்டிய கடமை எனக்கு இருக்கிறது.

கட்டணம் வாங்காமல் ஒரு நிறுவனம் இதை ஏன் செய்து தருகிறது என்பதிலிருந்து தொடங்குவோம். கருவிப்பட்டையின் நடுவில் ஒரு தேடல் பெட்டி இருக்கிறதல்லவா, வருமானம் பெரும்பாலும் அங்கேதான் பிறக்கிறது. உங்கள் வாசகர் அந்தப் பெட்டியில் ஒரு சொல்லைத் தட்டியதும், அந்தத் தேடல், கருவிப்பட்டையைச் செய்த நிறுவனத்துக்குரிய அடையாளக் குறி ஒன்றைச் சுமந்துகொண்டு ஒரு தேடுபொறிக்குப் போகிறது. வரும் முடிவுகளுக்கு மேலே தெரியும் விளம்பரத்தை அவர் சொடுக்கினால், விளம்பரதாரர் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதியைத் தேடுபொறி அந்த நிறுவனத்துக்குத் தருகிறது. நிறுவனம் அதிலிருந்து ஒரு பகுதியை உங்களுக்குத் தரும். உங்கள் கட்டுரைகளை யார் படித்தார்கள், எவ்வளவு நேரம் படித்தார்கள் என்பதற்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை. வாசகர் எத்தனை முறை தேடினார், எத்தனை விளம்பரங்களைச் சொடுக்கினார் என்பது மட்டுமே கணக்கு.

ஆகவே கருவிப்பட்டையைச் செய்பவருக்கு, அந்தப் பெட்டியைத் தேடிவந்து தட்டுபவர்கள் மட்டும் போதமாட்டார்கள். முகவரிப் பட்டையில் தட்டப்படும் தேடலையும், புதிய தாவலைத் திறந்தால் வரும் பக்கத்தையும், உலாவியின் முகப்புப் பக்கத்தையும் தன் வழியாகத் திருப்பிக்கொண்டால் வருமானம் பல மடங்காகும். அந்த ஆசை தனிப்பட்ட எவருடைய கெட்ட எண்ணத்திலிருந்தும் வர வேண்டியதில்லை, வணிகத்தின் கணக்கிலேயே இருக்கிறது. உங்கள் வாசகர்கள் இருவருக்கு நடந்ததைப் பிழை என்று நிறுவனத்தார் உங்களிடம் சொல்லியிருக்கலாம். வரைவின் ஏழாவது பிரிவை மறுபடியும் எடுத்துப் பாருங்கள். தேடல் வசதியை மேம்படுத்துவதற்காகப் பயனரின் இயல்புநிலை அமைப்புகளில் செய்யப்படும் மாற்றங்களுக்குப் பதிப்பாளர் ஒப்புதல் தருகிறார் என்று அதில் ஒரு வாக்கியம் இருக்கிறது. அந்த வாக்கியத்தில் எழுதியிருப்பதைத்தான் மென்பொருள் செய்திருக்கிறது.

தொடக்கத்தில் கருவிப்பட்டைகள் இப்படி இருக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கூகுள் தன் கருவிப்பட்டையை 2000ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியிட்டபோது, விரும்பிய தேடுபொறியில் நேராகத் தேடுவதற்கு இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் தனிப்பெட்டி கிடையாது. அந்தக் குறையை அது உண்மையாகவே தீர்த்தது. பின்னால் வந்த பதிப்புகளில், கேட்காமலே திறந்துகொள்ளும் விளம்பரச் சாளரங்களையும் தடுத்தது. பிறகு 2004இல் வந்த ஃபயர்பாக்ஸ் 1.0 தேடல் பெட்டியை உலாவிக்குள்ளேயே வைத்தது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரின் ஏழாம் பதிப்பு 2006இல் அதைப் பின்பற்றியது. 2008இல் வந்த குரோம், முகவரிக்கும் தேடலுக்கும் ஒரே பெட்டி போதும் என்று ஆக்கிவிட்டது. கருவிப்பட்டையின் தேவை அத்துடன் தீர்ந்துபோயிற்று. தேடலிலிருந்து வரும் பணம் மட்டும் அப்படியே இருந்ததால், தேவை தீர்ந்த பிறகும் பல ஆண்டுகள் அந்தப் பட்டைகள் தொடர்ந்து பரப்பப்பட்டன.

இதழ்களும் வலைத்தளங்களும் தங்கள் பெயரில் கருவிப்பட்டைகளை அமைத்துக்கொள்ளும் வசதியைக் கட்டணமின்றித் தந்து பெரிதாக வளர்ந்த நிறுவனங்களில் முக்கியமானது, 2005இல் இஸ்ரேலில் தொடங்கப்பட்ட கான்டியூட். வைரஸ் தடுப்பு மென்பொருள்கள் பலவும் அதன் பட்டைகளை வேண்டாத மென்பொருள் என்று குறித்தன. 2014 ஜனவரியில் அதன் கருவிப்பட்டைப் பிரிவு பெரியன் என்னும் நிறுவனத்துடன் இணைந்துவிட்டது. ஜாவா என்னும் மென்பொருளை நிறுவும்போது கூடவே வந்து ஒட்டிக்கொண்ட ஆஸ்க் கருவிப்பட்டையின் பழைய பதிப்புகளை மைக்ரோசாஃப்ட் 2015இல் வேண்டாத மென்பொருளாக வகைப்படுத்தியது. கூகுளே தன் கருவிப்பட்டையை 2021 டிசம்பரில் நிறுத்திக்கொண்டது. இந்தப் பழைய கதையை நான் எடுத்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உங்களிடம் புதிய வாய்ப்பு என்று காட்டப்படும் திட்டத்தின் வடிவமும் வருமான வழியும் அந்தக் காலத்தில் இருந்தவைதான். பெயரும் நிறமும் மட்டுமே மாறியிருக்கின்றன.

அந்தக் காலத்தில் நானே நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஓர் இதழின் ஆசிரியர், தன் நெடுநாள் வாசகர் ஒருவரின் கணினி சரியாக வேலை செய்யவில்லை என்று என்னை அவர் வீட்டுக்கு அழைத்துப் போனார். பெரியவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். சிறிய திரை கொண்ட அவருடைய மடிக்கணினியில் உலாவியைத் திறந்ததும், ஒன்றின்மேல் ஒன்றாக நான்கு பட்டைகள் திரையின் மேற்பாதியை அடைத்துக்கொண்டு நின்றன. படிக்க வேண்டிய கட்டுரை அதற்குக் கீழே நாலு வரி அளவுக்குத்தான் தெரிந்தது. எல்லாவற்றுக்கும் மேலே இருந்த பட்டையில், என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருடைய இதழின் சின்னம் இருந்தது. "உங்கள் இதழ் ஆயிற்றே என்றுதான் போட்டேன்" என்றார் பெரியவர். குறையாகச் சொல்லவில்லை, நடந்ததை மட்டும் சொன்னார்.

அந்தப் பட்டையை நீக்க எனக்கு இரண்டு மணி நேரம் பிடித்தது. மென்பொருள் பட்டியலிலிருந்து அதை அகற்றிவிட்டுக் கணினியை மறுபடி இயக்கினால், பட்டை போயிருந்தது, ஆனால் முகப்புப் பக்கமும் தேடுபொறியும் பழையபடியே பட்டையைச் செய்த நிறுவனத்துடையதாகத் திரும்பி வந்தன. தேடல் அமைப்புகளைப் பாதுகாப்பதாகப் பெயர் வைத்துக்கொண்ட இன்னொரு சிறு நிரல் பின்னணியில் ஓடிக்கொண்டிருந்ததுதான் காரணம். பயனர் செய்த மாற்றத்தை அது ஒவ்வொரு முறையும் அமைதியாக அழித்துக்கொண்டே இருந்தது. அதைக் கண்டுபிடித்து நிறுத்திய பிறகே உலாவி அவருடைய கைக்கு வந்தது. இதழாசிரியர் அடுத்த இதழில் வாசகர்களிடம் மன்னிப்புக் கேட்டு எழுதினார். பட்டையைச் செய்து கொடுத்த நிறுவனத்திடம் கேட்டபோது, ஒப்பந்தத்தில் உங்கள் கையெழுத்து இருக்கிறது என்று பதில் வந்தது. அது உண்மைதான், இருந்தது.

இன்று உலாவிகள் அந்த அளவுக்கு இடம் கொடுப்பதில்லை. இப்போது கருவிப்பட்டை என்று சொல்லப்படுவது நடைமுறையில் ஓர் உலாவி நீட்சி. அது பெரும்பாலும் உலாவி நிறுவனத்தின் கடை வழியாகவே வர வேண்டும். ஒரு நீட்சிக்கு ஒரே நோக்கம்தான் இருக்க வேண்டும், அது குறுகியதாகவும் எளிதில் புரிவதாகவும் இருக்க வேண்டும் என்ற விதியை குரோம் 2013 டிசம்பரில் அறிவித்தது. விண்டோஸ் கணினிகளில் கடைக்கு வெளியிலிருந்து வரும் நீட்சிகளை 2014இல் தடுத்தது. வலைத்தளத்தில் ஒரு பொத்தானை அழுத்தியே நீட்சியை நிறுவிக்கொள்ளும் வசதியை 2018இல் எடுத்துவிட்டது. ஃபயர்பாக்ஸ் தன் பங்குக்கு, பழைய முறையில் எழுதப்பட்ட நீட்சிகள் எல்லாவற்றையும் 2017 நவம்பரில் வந்த 57ஆம் பதிப்போடு கைவிட்டது. இந்த விதிகள் பலவும் பிறந்ததற்குக் கருவிப்பட்டைகள் ஒரு முக்கியமான காரணம்.

உங்களுக்கு இதனால் என்ன என்று கேட்கலாம். உங்களுக்கு வந்திருக்கும் சோதனைப் பதிப்பில் கட்டுரைத் தலைப்புகள், தேடல், வானிலை, சிறு விளையாட்டு, சமூக ஊடகப் பொத்தான்கள், புதிய தாவல் பக்கம் ஆகிய ஆறும் ஒரே நீட்சிக்குள் இருக்கின்றன. ஒரே நோக்கம் என்ற விதியோடு இது பொருந்தாது. கடையின் மறுஆய்வில் சிக்கினால் நீட்சி அகற்றப்படும். உங்கள் இதழின் பெயரைத் தாங்கிய ஒரு மென்பொருள், விதிமீறலுக்காக நீக்கப்பட்டது என்ற செய்தியோடு வாசகரின் உலாவியில் முடக்கப்பட்டுக் கிடக்கலாம். அத்துடன், கைப்பேசியில் உள்ள குரோமில் நீட்சிகள் இயங்குவதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். உங்கள் வாசகர்களில் பெரும்பாலோர் கைப்பேசியில் படிப்பவர்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவர்களுக்கு இந்தப் பட்டை எந்த வகையிலும் உதவாது.

இனி அனுமதிகளுக்கு வருகிறேன். இதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். சோதனைப் பதிப்பை நிறுவும்போது, எல்லா வலைத்தளங்களிலும் உள்ள உங்கள் தரவு அனைத்தையும் இது படிக்கவும் மாற்றவும் முடியும் என்ற பொருளில் ஓர் எச்சரிக்கை தோன்றியது. பலரும் இதைப் படிக்காமல் சம்மதம் தெரிவித்துவிடுவார்கள். அதன் பொருள் எழுத்துக்கு எழுத்து உண்மையானது. வாசகர் வங்கிக் கணக்கின் பக்கத்தைத் திறந்தாலும், மருத்துவ அறிக்கையைத் திறந்தாலும், அந்தரங்கமான மின்னஞ்சலைத் திறந்தாலும், அந்தப் பக்கத்தில் திரையில் தெரிவதை எல்லாம் நீட்சியால் படிக்க முடியும். படிக்கிறது என்று நான் சொல்லவில்லை. படிக்க அதற்கு அனுமதி இருக்கிறது என்கிறேன். ஆனால் உலாவியிலிருந்து வெளியே போகும் தரவை ஒரு மணி நேரம் கவனித்ததில், நான் திறந்த ஒவ்வொரு பக்கத்தின் முகவரியும், நிறுவலின்போது எனக்கென்று கொடுக்கப்பட்ட ஒரு நீண்ட எண்ணுடன் சேர்ந்து, அந்த நிறுவனத்தின் வழங்கிக்கு (சர்வருக்கு) போவதைக் கண்டேன். நான் வேண்டுமென்றே ஒரு நோயின் பெயரைத் தேடினேன். அந்தப் பெயர் முகவரியோடு சேர்ந்து அப்படியே போயிற்று.

உங்கள் புதிய கட்டுரைகளின் தலைப்புகளைக் காட்டுவதற்கு இதில் எதுவுமே தேவையில்லை. உங்கள் இதழின் ஆர்எஸ்எஸ் ஓடையை (புதிய கட்டுரைகளின் பட்டியலைத் தானாகத் தரும் கோப்பு) சில மணி நேரத்துக்கு ஒரு முறை எடுத்துவந்து, ஒரு சிறு பொத்தானில் எண்ணிக்கையைக் காட்டும் நீட்சிக்கு, உங்கள் ஒரே தள முகவரிக்கு மட்டும் அனுமதி கேட்டால் போதும். மேனிஃபெஸ்ட் என்று நாங்கள் அழைக்கும் அறிவிப்புக் கோப்பில், எந்தெந்தத் தளங்கள் என்று குறிப்பிடும் இடத்தில் ஒரே ஒரு வரி. எனவே யாராவது உங்களிடம் நீட்சி செய்து தருவதாகச் சொன்னால், நிரலாக்கம் தெரியாத நீங்களும் கேட்கக்கூடிய முதல் கேள்வி, அந்த வரியில் என்ன எழுதியிருக்கிறது என்பதே. அங்கே உங்கள் தளத்தின் முகவரி மட்டும் இருந்தால் மேலே பேசலாம். எல்லாத் தளங்களும் என்று இருந்தால், அதற்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள். எனக்குத் தெரிந்தவரை ஓர் இதழுக்கு அதற்கு நல்ல காரணம் கிடையாது.

நீட்சிகள் தாமாகவே புதுப்பித்துக்கொள்பவை என்பது இன்னொரு கவலை. கூடுதல் அனுமதி எதுவும் கேட்காத புதுப்பிப்பு வாசகருக்குத் தெரியாமலே வந்து சேர்ந்துவிடும். ஆகவே இன்று நல்லதாக இருக்கும் ஒன்று, கை மாறினால் நாளை வேறாகிவிடலாம். பயன்படுத்தாத தாவல்களை உறங்கவைக்கும் தி கிரேட் சஸ்பெண்டர் என்னும் நீட்சி இருபது லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் நம்பிக்கையைப் பெற்றிருந்தது. அதை எழுதியவர் 2020இல் இன்னொருவருக்கு விற்றார். 2021 பிப்ரவரியில் தீங்கு செய்யும் நிரல் கலந்திருக்கிறது என்று கூகுள் அதைக் கடையிலிருந்து நீக்கியது. உங்கள் வரைவின் பதினான்காவது பிரிவு, ஒப்பந்தத்தையும் மென்பொருளையும் உங்கள் இசைவைக் கேட்காமலே மூன்றாம் தரப்புக்கு மாற்றிக்கொடுக்கும் உரிமையை நிறுவனத்துக்குத் தருகிறது. இன்று உங்களிடம் பேசும் இளைஞர்கள் நேர்மையானவர்களாகவே இருக்கலாம். மூன்றாம் ஆண்டில் உங்கள் சின்னத்தின் பின்னால் யார் இருப்பார்கள் என்பதை அவர்களாலும் சொல்ல முடியாது.

செயலியைப் பற்றி எனக்கு இவ்வளவு கடுமையான கருத்து இல்லை. அறிவியல் கட்டுரைகளை இணையத் தொடர்பு இல்லாத இடத்திலும் படிக்கலாம், எழுத்தின் அளவைக் கூட்டிக்கொள்ளலாம், புதிய கட்டுரை வந்தால் அறிவிப்புப் பெறலாம் என்றால் அது வாசகருக்கு உண்மையான உதவி. ஆனால் ஒரே வார்ப்பில் நூற்றுக்கணக்கான செயலிகளைப் பிழிந்தெடுக்கும் நிறுவனங்கள், அவை எல்லாவற்றையும் தங்கள் ஒரே கணக்கிலிருந்து வெளியிட விரும்புவது வழக்கம். ஆப்பிளின் மறுஆய்வு விதிகளில் 4.2.6 என்ற எண்ணுள்ள விதி, வார்ப்புருவிலிருந்தோ செயலி உருவாக்கும் சேவையிலிருந்தோ செய்யப்பட்டவை, அந்த உள்ளடக்கத்தின் சொந்தக்காரரால் நேரடியாகச் சமர்ப்பிக்கப்படாவிட்டால் நிராகரிக்கப்படும் என்கிறது. வலைத்தளத்தை அப்படியே ஒரு சட்டகத்துக்குள் காட்டுவதைத் தவிர வேறொன்றும் செய்யாத செயலியும் அங்கே தேறாது. ஆகவே உங்கள் பெயரில் கணக்குத் தொடங்குவது எப்படியும் தேவைப்படும். ஆப்பிளில் அதற்கு ஆண்டுக்கு 99 டாலர், கூகுள் பிளேயில் ஒரே ஒரு முறை 25 டாலர். தனிநபர் பெயரில் புதிதாகத் தொடங்கும் பிளே கணக்கு என்றால், குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதித்த பிறகுதான் பொதுவில் வெளியிட விண்ணப்பிக்க முடியும். உங்கள் நாற்பது வாசகர்களை அந்த நல்ல வேலைக்குக் கேட்கலாம்.

கணக்கு யாருடையதோ, வாசகரோடு உள்ள தொடர்பும் அவருடையதே. இதை ஆசிரியர்கள் பெரும்பாலும் தாமதமாகவே உணர்கிறார்கள். அறிவிப்பு அனுப்புவதற்கு ஒவ்வொரு கைப்பேசிக்கும் ஓர் அடையாளக் குறி உண்டு. அந்தக் குறிகள் அறிவிப்புச் சேவையில் தொடங்கப்பட்ட திட்டத்தோடு பிணைக்கப்பட்டவை. திட்டம் நிறுவனத்தின் கணக்கில் இருந்தால், ஒப்பந்தம் முடிந்த மறுநாள் உங்கள் வாசகர்களில் ஒருவருக்குக்கூட உங்களால் ஓர் அறிவிப்பு அனுப்ப முடியாது, அவர்கள் கைப்பேசியில் உங்கள் சின்னம் இருந்துகொண்டே இருந்தாலும். அதேபோல், செயலிக்குள் விளம்பரத்துக்கும் புள்ளிவிவரத்துக்கும் எந்தெந்த வெளி நிறுவனங்களின் நிரல்தொகுப்புகள் சேர்க்கப்படுகின்றன என்ற பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். இரு கடைகளிலும் செயலி எந்தத் தரவைத் திரட்டுகிறது என்று அறிவிக்க வேண்டும். அந்த அறிவிப்பில் வெளித் தொகுப்புகள் திரட்டுவதும் அடங்கும். அதற்குப் பொறுப்பாளி கணக்கின் சொந்தக்காரரான நீங்கள்.

இதையெல்லாம் படித்து, நிரலாளர் இல்லாத நாங்கள் என்னதான் செய்வது என்று நீங்கள் சோர்ந்துவிடக் கூடாது. உங்கள் அளவில் உள்ள இதழுக்குச் செயலி முதல் படியே அல்ல என்பது என் கருத்து. இன்று ஒரு வலைத்தளத்தையே கைப்பேசியின் முகப்புத் திரையில் சேர்த்துக்கொண்டு, செயலியைப் போலத் திறக்கவும், கடைசியாகப் படித்த கட்டுரைகளைத் தொடர்பு இல்லாதபோதும் படிக்கவும் செய்ய முடியும். ஐபோனில் இப்படிச் சேர்த்த தளங்கள் அறிவிப்பு அனுப்பும் வசதி 2023 மார்ச்சில் வந்த ஐஓஎஸ் 16.4 முதல் இருக்கிறது. ஆண்ட்ராய்டில் அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பிருந்தே உண்டு. உங்கள் தளத்தை அமைத்துத் தந்தவரே இதைச் சில நாள் வேலையில் செய்துவிடலாம். கடையும் இல்லை, மறுஆய்வும் இல்லை, உங்கள் தளத்தில் மாற்றினால் உடனே எல்லாருக்கும் மாறும்.

அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது மின்னஞ்சல் மடல். உங்கள் கடிதத்தில் ஆறாயிரம் பேரின் மின்னஞ்சல் பட்டியல் சும்மா இருக்கிறது என்று போகிற போக்கில் குறிப்பிட்டிருந்தீர்கள். நான் படித்ததிலேயே அதுதான் முக்கியமான வரி. சேவை நிறுவனம் மாறினாலும் ஒரு கோப்பாக எடுத்துக்கொண்டு போகக்கூடிய சொத்து அது ஒன்றுதான். மாதம் இரு முறை, வந்த கட்டுரைகளின் சுருக்கத்தோடு ஒரு மடல் அனுப்புங்கள். அந்தப் பட்டியலைத்தான் வரைவின் ஐந்தாவது பிரிவு, அறிமுகப் பரப்புரைக்காக நிறுவனத்திடம் ஒப்படைக்கச் சொல்கிறது. எந்த நிலையிலும் அதைக் கொடுக்காதீர்கள். அந்தப் பட்டியலில் இருப்பவர்கள் உங்கள் இதழுக்காக உங்களிடம் முகவரி தந்தவர்கள்.

செயலிக்காக நிறுவனத்துடன் பேச நீங்கள் முடிவு செய்தால், ஒப்பந்தத்தில் கருவிப்பட்டை, தேடல், இயல்புநிலை அமைப்புகள் பற்றிய பிரிவுகளை முழுவதுமாக எடுக்கச் சொல்லுங்கள். மூன்றாண்டு என்பதை ஓராண்டாக்குங்கள். வேறு எவருடனும் பணியாற்றக் கூடாது என்ற நிபந்தனையை ஏற்காதீர்கள். எல்லாவற்றையும்விட எனக்கு அச்சம் தருவது பன்னிரண்டாவது பிரிவு. ஒப்பந்தம் முடிந்த பிறகும், ஏற்கெனவே நிறுவப்பட்ட பிரதிகள் அதே பெயரோடும் சின்னத்தோடும் தொடர்ந்து இயங்கலாம் என்கிறது அது. நீங்கள் விலகிய பிறகும் உங்கள் வாசகரின் உலாவியில் உங்கள் பெயரில் இன்னொருவர் தேடலுக்குப் பணம் வாங்கிக்கொண்டிருப்பார், எத்தனை ஆண்டுகள் என்ற வரம்பும் இல்லாமல். ஒப்பந்தம் முடிந்த 30 நாட்களுக்குள் பெயரும் சின்னமும் எல்லாப் பிரதிகளிலிருந்தும் நீக்கப்பட வேண்டும், திரட்டிய தரவு அழிக்கப்பட்டதற்கு எழுத்தில் உறுதி தர வேண்டும் என்று மாற்றி எழுதுவதற்கு அவர்கள் மறுத்தால், அத்துடன் பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். அந்த மாற்றத்தை ஒரு வழக்கறிஞரிடமும் காட்டிவிடுங்கள். நான் மென்பொருளை அறிந்தவனே தவிர, சட்டத்தை அறிந்தவன் அல்லன்.

இவற்றையெல்லாம் பொறுமையாகச் செய்யலாம். இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. சோதனைப் பதிப்பை நிறுவிய நாற்பது பேருக்கும் தனித்தனியாக எழுதுங்கள். முதலில் தேடுபொறி மாறியதை உங்களிடம் சொன்ன அந்த இருவருக்கு, நன்றியோடு. உலாவியின் நீட்சிகள் பக்கத்துக்குப் போய் அதை நீக்கச் சொல்லுங்கள். பிறகு அமைப்புகளில் இயல்புநிலைத் தேடுபொறி, தொடக்கப் பக்கம், புதிய தாவல் ஆகிய மூன்றையும் அவர்களே பார்த்துச் சரிசெய்ய வேண்டும். கணினியின் மென்பொருள் பட்டியலில் அதே நாளில் நிறுவப்பட்ட வேறு ஏதாவது இருக்கிறதா என்றும் பார்க்கட்டும். கணினியை ஒரு முறை அணைத்து இயக்கிவிட்டு, தேடுபொறி மறுபடி மாறவில்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். வீட்டுக் கணினியாக இருந்தும், "உங்கள் உலாவி ஒரு நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது" என்ற பொருளில் ஒரு வாசகம் உலாவி மெனுவின் அடியில் தெரிந்தால், இன்னும் ஏதோ ஒன்று உள்ளே தங்கியிருக்கிறது என்று கொள்ளலாம்.

கடிதத்தில், அவர்கள் பார்த்த பக்கங்களின் முகவரிகள் வெளியே அனுப்பப்பட்டன என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள்; கடவுச்சொற்கள் திருடப்பட்டதற்கு நான் பார்த்தவரை அடையாளம் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். யாருக்காவது நீக்குவதில் சிக்கல் வந்தால், திரையில் தெரிவதைப் படமெடுத்து உங்கள் வழியாக எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். நாற்பது பேருக்கும் நீங்கும் வரை உடன் இருந்து பார்க்கிறேன்.